காது காய்ந்த கல்யாணம்

எனக்கு அருவருப்பு அதிகம். பிறவியிலேயே அப்படித்தான். பிறர் எச்சில்பட்ட குவளையைத் தொட்டால் கை கூசும். ஈரத்துணியை யாராவது மூலையில் சுருட்டிப் போட்டு வைத்திருந்தால் அந்த அறைப்பக்கமே போகமாட்டேன். வீட்டில் எனக்கு நாய் மூக்கு என்று பட்டம். இப்படியொரு மூக்கை வைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் வந்து பிறந்தது என் தலையெழுத்து. மரத்தில் வழிந்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்திலேயே உறைந்துபோகும் ரப்பரை ஒட்டுப்பால் என்போம். அதைக் கொண்டுவந்து ஸ்டோருக்குப் பின்னால் குவித்திருப்பார்கள். ஒரு மழை நனைந்தால் போதும், எலி செத்த வீடு மாதிரி தோட்டம் முழுவதும் நாறும். மற்றவர்கள் அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து பசியாறுவார்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடுவேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. நான் எழுதப்போவது சீழைப் பற்றி. என் அண்ணியின் காதிலிருந்து வந்த சீழ். முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். நான் சுளித்ததைவிட அதிகமாக யாராலும் சுளித்துவிட முடியாது.

மலாய் நாட்டில், உலு திராமிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பாதி ஆளில்லாமல் கிடந்தன. தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவரைக் கிராணி என்பார்கள். அப்பா அங்கே பெரிய கிராணியாக இருந்து காலமானவர். அவருக்குப் பிறகு அண்ணன் சின்னக் கிராணியானான். அதனால் குவார்ட்டர்ஸ் எங்கள் கைவிட்டுப் போகவில்லை. வீட்டில் அம்மா, அண்ணன், நான், அவ்வளவுதான். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். சுவாமியார் அவ்வப்போது வந்து தோட்டத்துச் சின்னக் கோவிலில் பூசை வைப்பார். பூசை முடிந்து வெளியே வரும்போது கிராணி வீட்டம்மாவுக்கு எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். அம்மாவுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

எனக்கு வந்த வரன்களை நானே ஏதாவது சொல்லித் தட்டிக்கொண்டிருந்தேன். ஒருவருக்குப் பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. இன்னொருவர் பக்கத்தில் வந்தாலே பழைய சட்டை வாடை. "இவ மூக்கைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்" என்று அம்மா என்னை விட்டுவிட்டு அண்ணனுக்குப் பெண் தேட ஆரம்பித்தாள். சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்தவருக்கு ஒரு மகள். நல்ல குடும்பம், நம் வேதம், பெண் லட்சணமாக இருப்பாள் என்று சொன்னார்கள். பார்க்கப் போனோம்.

பெண் லட்சணமாகத்தான் இருந்தாள். காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தாள். தலையில் ஒரு கூடை மல்லிகை, கழுத்தில் அத்தர், முகத்தில் பவுடர். இத்தனைக்கும் அடியில் என் மூக்குக்கு வேறொன்று எட்டியது. பழைய பாலாடையும் மீன் செதிலும் ஒன்றாகச் சேர்ந்து புளித்த மாதிரி ஒரு நெடி. ஒரு மூச்சுதான். அவள் நிமிர்ந்ததும் போய்விட்டது. கொடுத்த காப்பியை நான் குடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நாத்தம் வருது."

"வாயை மூடுடி. பூ வாடின வாசம் அது."

"பூ வாசம் எனக்குத் தெரியாதா? இது சீழ் நாத்தம்மா."

"உனக்குச் சுவாமியார் அங்கிகூட நாறும். சும்மா வா."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மாதிரி சிரித்துக்கொண்டான். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

தபசு காலம் என்கிற நாற்பது நாள் நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அது தொடங்கிவிட்டால் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் முடியும் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அம்மாவுக்கோ அதுவரை பொறுக்க முடியாது, அண்ணனுக்கு அதைவிட. அவசர அவசரமாகக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்று பெண்ணுக்கு முக்காட்டுத் துணியைச் சரிசெய்து குத்திவிடும் வேலை எனக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் பக்கத்தில் போனேன். பிறகு அடக்க முடியாமல் இழுத்தேன். ஒன்றுமே இல்லை. மல்லிகை, சோப்பு, புதுப்பட்டு. நாற்றம் துடைத்து எடுத்த மாதிரி போயிருந்தது. என் மூக்குமேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான். பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்ததும் அவளும் பெரிதாக ஒரு மூச்சு விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அண்ணி நல்லவள். இதைச் சொல்லியாகவேண்டும். அவள் துவைத்த துணியை நான் திரும்பத் துவைக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் அதுவரை துவைத்ததில்லை. என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவாள், என் மூக்கைக் கேலி செய்யமாட்டாள். கல்யாணமான புதிதில் அவ்வப்போது தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டாள். புது இடம், புதுத் தண்ணீர் என்றார்கள். அப்புறம் ஒரு காலையில், தேநீர்க் குவளையைக் கையில் எடுத்தவள், அப்படியே வாந்தியெடுத்தாள்.

அது சாதாரண வாந்தி இல்லை. குமட்டல், ஓங்கரிப்பு, ஓடிப்போய்க் குனிவது, எதுவும் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவள் வாயிலிருந்து பீய்ச்சி அடித்தது. சுவரில், விளக்கில், என் பாவாடையில். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அம்மாவோ அதை மிதித்துக்கொண்டே போய் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"தேவமாதாவே! வந்திருச்சு! பேரப்பிள்ளை வந்திருச்சு!"

புதிதாகக் கல்யாணமானவள் வாந்தியெடுத்தால் நம்மவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. காரணம் கேட்பது அபசகுனம். மாதவிலக்கும் தள்ளித்தான் போயிருந்தது. உடம்புக்கு முடியாமல் கிடப்பவளுக்குத் தள்ளிப்போகும் என்று யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலத்துக்குள் கோடி லயம் வரைக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த பூசையில் அம்மா சுகப்பிரசவத்துக்கு நேர்ச்சை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். தபசு காலத்தில் உண்டான பிள்ளை என்று யாராவது வாய்க்குள் சிரிப்பார்களோ என்று ஒரு சின்னக் கவலை மட்டும் அவளுக்கு இருந்தது.

ஆளாளுக்குப் புளிப்பு கொண்டுவந்தார்கள். மாங்காய், புளிச்சோறு, பட்டணத்திலிருந்து ஜெருக். ஜெருக் என்பது காடியில் ஊறப்போட்ட பழம். ஜாடியைத் திறந்தாலே எனக்கு மூக்கு எரியும். அம்மா அதைத் துண்டு துண்டாக அண்ணி வாயில் ஊட்டுவாள். அண்ணி அதை விழுங்கிய சற்று நேரத்தில் அத்தனையும் பாய்மேல் வந்து விழும். "பிள்ளை கேக்குது, இன்னும் கேக்குது" என்று அம்மா மறுபடி ஊட்டுவாள். மறுபடி வரும். அள்ளிக் கழுவுவது நான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கழுவுவேன். கழுவிவிட்டு நானும் ஒரு வாந்தி எடுப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாச்சி என்று ஒரு கிழவி ஜோக்கடித்துவிட்டுப் போனாள். அவள் வாயில் ஒட்டுப்பாலை அடைக்கலாம் போல இருந்தது.

அண்ணன் முன்கட்டுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். ஆபீஸுக்குப் போகும்போது கைக்குட்டையில் ஓடிகொலோன் ஊற்றிக்கொள்வான். "நல்லா கவனிச்சுக்குங்க, என் பிள்ளை" என்று வாசலில் நின்று சொல்வான். உள்ளே வரமாட்டான். அவனைப் பார்த்தால் வாந்தியைப் பார்ப்பதைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது.

தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு டிரசர் இருந்தார். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, வெட்டுக் காயத்துக்குக் கட்டுப்போடுவது எல்லாம் அவர்தான். அம்மா அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. "மருமக முழுகாம இருக்கா, வாந்தி, தலைவலி" என்று ஆள்விட்டுச் சொன்னாள். அவரும் வந்து பார்க்காமல் ஒரு போத்தல் சோடா மருந்து கொடுத்தனுப்பினார். கிராணி வீட்டம்மா சொல்லிவிட்டால் யார் மறுத்துப் பேசுவது?

அண்ணி தூங்கிக்கொண்டே இருந்தாள். எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி சாய்ந்துவிடுவாள். மசக்கைத் தூக்கம் என்றார்கள். அப்புறம்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

"தங்கச்சி, அந்த... அது... சோத்துல போடுறது. வெள்ளையா."

"உப்பா அண்ணி?"

"ஆமா. அது."

மறுநாள் செருப்பு. அதற்கு மறுநாள் விளக்கு. பொருளைப் பார்ப்பாள், அது எதற்கு என்று தெரியும், பெயர் மட்டும் வராது. நெற்றியைச் சுருக்கி, கையால் காற்றில் வரைந்து காட்டுவாள். அம்மா இதைக்கூடத் திருவிழாவாக்கிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், "பிள்ளைத்தாச்சி மறதி. இந்தா, இது என்னான்னு கேளுங்களேன்" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். அண்ணி திணறுவாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் முகம் வேர்த்துப்போகும், அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபத்தில் வயிறு எரிகிறது. வாந்தியை அள்ளினேன், அதை மறந்துவிடலாம். அந்தக் கூட்டம் சிரித்ததை மறக்க முடியவில்லை.

தலையெல்லாம் சிக்குப் பிடித்து, வாந்தி ஒட்டி, கிட்டே போக முடியவில்லை. ஒருநாள் எண்ணெய் வைத்துச் சீவிவிட அவளை உட்காரவைத்தேன். இடது காதுக்குப் பின்னால் என் விரல் பட்டதுதான், அலறிவிட்டாள். முடியை விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் எலும்பு இருக்கும் இடம் வீங்கி, சிவந்து, பளபளவென்று இருந்தது. அந்த வீக்கத்தில் காதே முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. தொட்டால் நெருப்பு.

"என்னா அண்ணி இது? எத்தனை நாளா?"

அவள் காதைத் தொட்டுக்காட்டினாள். "இது... இதுல... சின்னப் பிள்ளையில இருந்து ஓடும். நாறும்."

"காதா?"

"ஆமா. அது. கல்யாணத்துக்கு அம்மா... கல்லு மாதிரி, வெள்ளையா, பொடி பண்ணி..."

"படிகாரமா?"

"ம். பொடி போட்டு, பஞ்சு வச்சு, அடைச்சாங்க. நின்னுருச்சு தங்கச்சி. காஞ்சிருச்சு. அம்மா சந்தோசத்துல அழுதாங்க."

ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி அவள் சொல்லி முடிக்கும்போது எனக்கு வேர்த்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று என் மூக்கு பொய் சொல்லவில்லை. ஓலை வாசித்தாகிவிட்டது, தபசு காலம் வருவதற்குள் காது காய வேண்டும் என்று திரும்பத் திரும்பப் படிகாரத்தை வைத்துத் திணித்திருக்கிறார்கள். வெளியே வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. நின்றது எங்கே போயிருக்கும்? ஆற்றை மறித்தால் தண்ணீர் பக்கத்துக் காட்டில் ஏறும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். காதுக்குப் பக்கத்தில் இருப்பது தலை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முதலில் கேட்ட கேள்வி, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அம்மா, பிள்ளையே இருக்கோ இல்லையோ. இது காதுல இருந்து தலைக்குள்ள போயிருக்கு. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"பைத்தியமா உனக்கு? கோவில்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு. முழுகாம இருக்கிறவளைக் கத்தி வைக்கிறவன்கிட்ட அனுப்பவா?"

ஆபீஸிலிருந்து வந்த அண்ணனிடம் சொன்னேன். அவன் முகம் கறுத்தது. அப்பாடா, பயந்துவிட்டான், லாரிக்குச் சொல்லுவான் என்று நினைத்தேன்.

"சீழ் ஓடுற காதா? மறைச்சிட்டாங்களா? என்னை ஏமாத்திட்டாங்களா?" என்றான். "நாளைக்கே சாஆ போறேன். அந்த ஆளு சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன்."

உள்ளே கட்டிய பெண்டாட்டி கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள். இவன் சட்டையைப் பிடிக்கச் சாஆ போகிறானாம். நான் அன்று அவனைப் பார்த்து, "நீ ஒரு மனுஷனா?" என்று கேட்டேன். மூத்தவனை அப்படிக் கேட்டதற்கு அம்மா என் கன்னத்தில் ஓர் அறை வைத்தாள். அந்த அறையோடு நேரே தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"டிரசர் ஐயா, நீங்க கொடுத்த சோடா மருந்து வேணாம். நீங்க வந்து பாருங்க."

"கிராணி வீட்டுல முழுகாம இருக்காங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"அது எங்க அம்மா சொன்னது. காதுல அடைச்சு வச்சிருக்காங்க. பின்னால வீங்கி நிக்குது. உப்புக்குப் பேர் தெரியலை."

அவர் உடனே தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்று உள்ளே போனார். வீக்கத்தைப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலமாக்" என்று மலாயில் ஐயோ போட்டார் வாய்க்குள். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "உடம்பு கொதிக்குது. இந்தக் காய்ச்சலுக்கு நாடி ஓடணும். இது நடக்கக்கூட மாட்டேங்குது. வாந்தின்னு சொன்னதும் வந்து பாக்காம மருந்து அனுப்பினது என் மடத்தனம். இப்பவே கிளம்பணும். லாரிக்கு நான் துரைகிட்ட பேசுறேன்."

புகைபோட்டு உலர்த்திய ரப்பர் ஷீட் ஏற்றும் லாரியில் பாயைப் போட்டு அண்ணியைப் படுக்கவைத்தோம். லாரிப் பலகையெல்லாம் புகை நெடி. ஒவ்வொரு குழியிலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். வழியில் இரண்டு பக்கமும் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. என் மடிமேல் வாந்தி எடுத்தாள். துடைக்கத் துணியில்லாமல் என் முந்தானையாலேயே துடைத்தேன். அம்மா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொன்னான். மறுநாள் வந்தான்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் பார்த்தார். அவர் காதுக்குள்ளிருந்து ஒரு கொக்கியால் இழுத்து எடுத்தது எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. கறுப்பும் மஞ்சளுமாகக் கெட்டிப்பட்ட பஞ்சு. படிகாரமும் சீழும் அழுக்கும் சேர்ந்து கல்லாகியிருந்தது. அது வெளியே வந்ததும் அந்த அறையில் எழும்பியது பார்க்கவேண்டும் ஒரு நாற்றம்! தோட்டத்து ஒட்டுப்பாலெல்லாம் சந்தனம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் சொன்னதைப் பக்கத்திலிருந்த தமிழ் உதவியாளர் எங்களுக்குச் சொன்னார்.

"காதுக்குப் பின்னால இருக்கிற எலும்பு அழுகிப் போச்சு. சீழ் அதைத் தாண்டி மூளைக்குள்ள போய்க் கட்டி பிடிச்சு நிக்குது. அந்தக் கட்டி அழுத்துறதாலதான் வாந்தி. பேச்சு தடுமாறுறதும் அதாலதான். எலும்பைத் திறந்து எடுக்கணும். எடுத்தாலும் பிழைப்பாங்கன்னு டாக்டரால உறுதி சொல்ல முடியலை. எடுக்கலைன்னா நிச்சயமா போயிருவாங்க."

இன்றைக்கு இருப்பதுபோலச் சீழை அடக்க ஊசியும் மாத்திரையும் அப்போது கிடையாது. உளியும் சுத்தியலும்தான்.

அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "அப்ப... வயித்துல?"

"வயித்துல ஒண்ணும் இல்லம்மா. வெறும் வயிறு."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். மருமகளுக்காக அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் தேற்றினார்கள். "இனிமே கோவில்ல எப்படி முகத்தைக் காட்டுவேன்?" என்று அவள் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. பெற்ற தாயை வெறுக்கக்கூடாது என்று வேதம் சொல்கிறது. அந்த ஒரு சாயங்காலம் நான் வேதத்தைக் கேட்கவில்லை.

அறுவையில் அண்ணி பிழைத்தாள். காதுக்குப் பின்னால் ஒரு குழி, அந்தக் குழியிலிருந்து உள்ளே போகும் ரப்பர் குழாய், அதைச் சுற்றிக் கட்டு. எந்தத் தோட்டத்து ரப்பரோ! உள்ளே மிச்சமிருக்கும் சீழ் குழாய் வழியாகக் கட்டுத்துணியில் ஊறி இறங்கிக்கொண்டே இருக்கும். கட்டை மாற்ற மாற்ற நனையும். அந்த வார்டில் மற்ற கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் தாதியை மிஸ்ஸி என்போம். அங்கிருந்த சீன மிஸ்ஸி என்னிடம் மலாயில் சொன்னாள், இது ஓட வேண்டும், ஓடினால் நல்லது, நின்றால் உடனே என்னைக் கூப்பிடு என்று.

யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும். அண்ணன் வார்டு வாசல் வரைக்கும் வருவான், ஓடிகொலோன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தலையை நீட்டிப் பார்ப்பான், போய்விடுவான். அண்ணியின் அம்மா சாஆவிலிருந்து வந்தாள். அவளும் என் அம்மாவும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, ஏமாற்றினீர்கள், கவனிக்காமல் விட்டீர்கள் என்று அடிக்குரலில் சண்டை போட்டார்கள். நடுவில் படுத்திருந்தவளுக்கு இருவர் பெயரும் தெரியவில்லை. கடைசியில் நாய் மூக்குக்காரி நான்தான் கூட இருந்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான். யூக்கலிப்டஸ் எண்ணெயில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டேன். அதையும் மீறி வந்தது. சோற்றில் வந்தது, என் கூந்தலில் வந்தது, குளித்துவிட்டு வந்தாலும் வந்தது. அண்ணியை வெறுக்கவில்லை, அவள் தலையிலிருந்து வந்ததை மனமார வெறுத்தேன்.

ஒரு நாள் காலையில் வார்டில் எனக்கு மூச்சு லேசாக இருந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். நாற்றம் குறைந்திருந்தது. கட்டைத் தொட்டேன், காய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு அம்மாக்களும் வந்தார்கள்.

"நின்னுருச்சா?" என்றாள் அண்ணியின் அம்மா. கட்டை முகர்ந்து பார்த்தாள். "காஞ்சிருச்சு! சர்வேசுரனுக்குத் தோத்திரம்! காஞ்சிருச்சு!"

"மாதா கைவிடலை" என்றாள் என் அம்மா. அத்தனை நாள் சண்டை போட்டவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணில் தண்ணீர். வாசலிலிருந்து அண்ணன்கூடக் கைக்குட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்தான்.

இந்தச் சந்தோஷத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். முக்காடு குத்திவிட்ட அன்று இதே முகம், இதே பெருமூச்சு. அண்ணியைப் பார்த்தேன். முந்தின நாள் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்தவள், இப்போது கண்ணை மூடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணி, தலை வலிக்குதா?"

லேசாகத் தலையை அசைத்தாள். அதற்குள்ளேயே வாந்தி பீய்ச்சி அடித்தது. அண்ணன் புதுச் சட்டையில்.

நான் வார்டு முழுவதும் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினேன். "மிஸ்ஸி! மிஸ்ஸி! நின்னுருச்சு!" ஏதோ செத்துவிட்டாள் என்று நினைத்து அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். மிஸ்ஸி வந்து தொட்டுப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட ஆள் விரட்டினாள். டாக்டர் வந்து கட்டைப் பிரித்து, குழாயைப் பிடித்துத் திருகி, ஒரு சிறு இழுப்பு இழுத்தார். நுனியில் கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. அது வந்ததும் பின்னாலேயே பொங்கி வந்தது. பச்சையும் மஞ்சளும், கழுத்து வழியாக, தலையணை வழியாக, என் கைவழியாக. யூக்கலிப்டஸ் துணி என் கழுத்தில் கிடந்தது, மூக்கில் கட்டிக்கொள்ள ஞாபகம் வரவில்லை. இரண்டு அம்மாக்களும் வெளியே ஓடிவிட்டார்கள். அண்ணன் அவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தான்.

சற்று நேரத்தில் அண்ணி கண்ணைத் திறந்தாள். மூக்கைச் சுருக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"என்னா தங்கச்சி" என்றாள், "இந்த நாத்தம்?"

நோய் கண்டதிலிருந்து அவள் தேடாமல், தடுமாறாமல், ஒரு பொருளுக்கு அதன் சரியான பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சீழ் வழிந்த கையோடு அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அழுகையானது. மிஸ்ஸி என்னைக் கைகழுவப் போகச் சொல்லி விரட்டினாள்.

வீடு திரும்பியும் கதை முடியவில்லை. அவளைச் சாஆவுக்கே அனுப்பிவிடலாமா என்று அம்மாவும் அண்ணனும் பேசினார்கள். மறைத்துக் கட்டிவைத்த கல்யாணம் செல்லாது என்று அண்ணன் சட்டம் பேசினான். சுவாமியார், "சுகத்திலும் நோவிலும் என்று கோவிலில் சத்தியம் பண்ணினது யார்?" என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்தார். சுவாமியார்மேல் அதுவரை எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அன்றிலிருந்து உண்டு.

அண்ணிக்கு இடது காது கேட்காமல் போனது. குழி ஆறியது, ஆனால் காது முழுதாகக் காயவில்லை. அவ்வப்போது கசியும், நாறும். ஓடுகிற காதை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்துதான், டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில் யாரும் எதையும் வைத்து அடைக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். டிரசர் வாராவாரம் வந்து துடைத்துச் சுத்தம் செய்வார். படிகாரம் என்ற சாமானே எங்கள் வீட்டுக்குள் வரவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன். பிறந்த பிள்ளைகளின் காதில் எண்ணெயும் தாய்ப்பாலும் ஊற்றுகிறவர்களை இன்று கண்டாலும் சண்டைக்குப் போகிறேன்.

சில வருஷங்கள் கழித்து எனக்கும் கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். எந்நேரமும் சோப்பு வாசமடிக்கும் ஒரு மனிதர் ஒருவழியாகக் கிடைத்திருந்தார். அப்போது ஒருநாள், உடனே வரச்சொல்லி அம்மா ஆள் அனுப்பினாள். ஓடினேன். அண்ணி காலையில் வாந்தியெடுத்திருந்தாள். அம்மா அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை, கையில் கைக்குட்டையும் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்த அண்ணி என்னைக் கண்டதும் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சீப்பை எடுத்துக் காட்டினேன். "இது என்னா?"

"சீப்பு."

"இது?"

"உப்புச் சாடி."

"தலைவலி?"

"இல்ல தங்கச்சி. கொமட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு. ஓடிப்போய்க் கொல்லையில எடுத்தேன்."

குனிந்து முடியை ஒதுக்கி அவள் இடது காதில் மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன்.

"நாறுதா?" என்றாள் அம்மா.

"நாறுது" என்றேன். "ஈரமா, நல்லா நாறுது."

அம்மா அங்கேயே மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஜெருக் வாங்க ஆள் அனுப்பினாள்.